கேன் தண்ணீரில் கழுவிய படம்

சந்திரமோகனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது என்று சொன்னால் அது பொய். கும்மிடிப்பூண்டி பஜாரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கூப்பிட்டால் வருவான், வேலை சுத்தமாக இருக்கும், பேச்சிலும் மரியாதை இருக்கும். பிடிக்காமல் போனது அந்த மிஷின் எங்கள் வீட்டுக்குள் வந்த பிறகுதான்.

மிஷினைக் கொண்டுவந்தவள் என் மனைவி ஜெபா. சிப்காட்டில் பழைய எலக்ட்ரானிக் சாமான்களைப் பிரிக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. செம்பு தனி, அலுமினியம் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்துப் போட வேண்டும். சென்னையில் ஏதோ ஒரு பங்களாவை இடித்தபோது, லண்டனில் இருந்துவிட்டு வந்தவர் வீட்டுச் சாமான் ஒரு லோடு வந்திருக்கிறது. அதில் அந்த மிஷினும், ஒரு பெட்டி நிறையத் தட்டுகளும் இருந்தன. தட்டில் கரி கலந்திருக்கிறதாம், உருக்கினாலும் யாரும் வாங்க மாட்டார்களாம். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இவள் ஷேர் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

வீடியோ டிஸ்க் என்றதும் பளபளவென்று சிடியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கறுப்பு. கிராமபோன் தட்டு சைஸ் இருக்கும். ஆனால் கண்ணால் பார்க்க முடியாது, தட்டையான ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒளிந்திருக்கும். உறையோடு மிஷின் வாயில் நுழைத்து, உறையை மட்டும் உருவ வேண்டும். தட்டு உள்ளே தங்கிவிடும். படம் முடிந்ததும் காலி உறையை மறுபடி நுழைத்தால் தட்டைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். லேசர் எல்லாம் கிடையாது. உள்ளே ஒரு ஊசி. அது தட்டின் கோட்டில் ஓடினால் டிவியில் படம் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம்தான். பாதிப் படத்தில் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் படம் அப்படியே நிற்காது, திரை வெறுமனே ஆகிவிடும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் விற்றார்களாம். ஜனங்கள் வாங்கவில்லை என்று நாலைந்து வருஷத்தில் மூட்டை கட்டிவிட்டார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஜெபா. அவளுக்குச் சொன்னது சந்திரமோகன்.

முதல் நாள் மிஷினைப் போட்டபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. லண்டன் டிவியும் நம் ஊர் டிவியும் சத்தத்தை வேறு வேறு விதமாக வாங்குமாம். நான்தான் சந்திரமோகனுக்கு போன் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவன் வந்தான், மூடியைக் கழற்றினான், உள்ளேயிருந்து ஒரு ஒயரை இழுத்து ஸ்பீக்கரில் கொடுத்தான். சத்தம் வந்ததும் ஜெபா சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் எனக்காக அவள் கை தட்டி நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் சாயந்தரம் ஆனால் அவன் வந்துவிடுவான். ஊசியைத் துடைக்கணும் சிஸ்டர், பெல்ட்டைப் பார்க்கணும் சிஸ்டர். சிஸ்டராம். நான் ரோலிங் மில்லில் காலை ஷிப்ட் முடித்து, குளித்து முழுகி, கொஞ்சம் தூங்கி எழுந்து பார்த்தால் கூடத்தில் இரண்டு தலைகள் அந்த மிஷினுக்குள் கவிழ்ந்திருக்கும். இவள் டார்ச் பிடிப்பாள், அவன் பிரஷ் பிடிப்பான். சோறு மூடி வைத்திருக்கிறேன் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். அவனுக்கு மட்டும் பஜ்ஜி சுடச்சுட வரும்.

ஒரு நாள் நானும் ஆசையாகத் தட்டை எடுத்து நுழைக்கப் போனேன். ஜெபா பதறிப்போய்ப் பிடுங்கினாள். "நீங்க தொடாதீங்க. தூசி பட்டா ஊசி எகிறும். தண்ணி பட்டா அவ்ளோதான். எண்ண கையி உங்குளுது."

இரும்பு உருட்டுகிறவன் கையில் எண்ணெய் இருக்காமல் சந்தனமா இருக்கும்? இந்தக் கை சம்பாதித்த டிவியில்தான் அவள் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் சொன்னதில் ஒரு விஷயம் என் மண்டையில் நன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் பட்டால் அவ்வளவுதான்.

பெட்டியில் இருந்த தட்டுகளில் அவள் உயிரை விட்டது ஒன்றே ஒன்றுக்கு. ஐஸ் தரையில் ஒரு ஆணும் பெண்ணும் காலில் கத்தி மாதிரி ஒரு செருப்பைக் கட்டிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஆடுவார்கள். அவன் அவளை ஒரே கையால் தலைக்கு மேலே தூக்குவான். சரியாக அந்த இடத்தில் ஊசி எகிறிவிடும். அடுத்த நொடி ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருப்பார்கள். தூக்கினவளை இறக்கிவிட்டானா, போட்டு உடைத்தானா என்று தெரியவே தெரியாது. சில நாள் இன்னும் மோசம். ஊசி பின்பக்கமாக எகிறி, அவன் தூக்குவான், மறுபடி தூக்குவான், மறுபடி தூக்குவான். ஜெபா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையும் பார்ப்பாள். பக்கத்தில் சந்திரமோகனும் பார்ப்பான். நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்ப்பேன்.

என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். அவள் அவனோடு போய்விடுவாள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, ஆளும் அப்படிப்பட்டவன் இல்லை. என் பயம் வேறு. இவள் இதே வீட்டில் இருந்து, எனக்குச் சோறு போட்டு, என் சட்டையைத் துவைத்துக்கொண்டே, மனசை மட்டும் அந்தப் பக்கம் வைத்துவிடுவாள். அப்புறம் நான் யாரிடம் போய் எதைக் கேட்பது? எனக்கு அவள் வேண்டும். டார்ச் பிடிக்கும்போது அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்தோடு வேண்டும். அது அவனுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. பொறாமையா என்றால் ஆமாம், பச்சைப் பொறாமைதான்.

அப்படி இருக்கும்போதுதான் எழும்பூர் விஷயம் வந்தது. பழைய ரேடியோ, பழைய கேமரா வைத்திருக்கிற பைத்தியங்கள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு ஹாலில் கூடுகிறார்களாம். இந்த மிஷினைக் கொண்டுபோனால் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள் என்று சந்திரமோகன் ஆசை காட்டினான். ஐஸ் படத்தைப் போட வேண்டும். ஆனால் எகிறாமல் ஓடினால்தான் போவது, இல்லையென்றால் மானம் போய்விடும் என்றும் சொன்னான். அவனுடைய ஆம்னி வண்டியில் போய்விட்டு வரலாமாம். "அண்ணனும் வரட்டும் சிஸ்டர்," என்றான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

எகிறினால் போக மாட்டார்கள். இப்போதே எகிறுகிறது. சுத்தமாகப் படமே வராமல் போனால் இன்னும் நல்லது. எனக்கு வாரலீவு வந்த அன்று ஜெபா வேலைக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டேன். இரண்டு ஸ்டீல் ஸ்கேலை உறையின் ஓரத்தில் செருகினால் தட்டு வெளியே வரும். சந்திரமோகன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு நான் பார்த்திருந்தேன்.

கீறிவிடலாம். ஆனால் கீறினால் தெரியும், வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அடையாளம் இல்லாமல் கெடுக்க வேண்டும். பின்பக்கம் குழாயடிக்குக் கொண்டுபோய் நனைத்தேன். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணியில் ஒரு சொட்டு விட்டு, நார் போட்டால் கோடு விழும் என்று வெறும் உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தொடாதே என்றாள் இல்லையா, நன்றாகத் தொட்டேன். இரண்டு பக்கமும் தொட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, எங்கள் போர் தண்ணீர் உப்பு. எவர்சில்வர் டம்ளரிலேயே வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், கறுப்புத் தட்டில் காட்டிக்கொடுக்காமல் இருக்குமா? ஓடிப்போய்க் குடிக்கிற கேன் தண்ணீரை எடுத்துவந்து, பாதிக் கேனையும் ஊற்றி அலசினேன். துணியால் துடைத்தால் பஞ்சு ஒட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்துக் காயவிட்டு உறைக்குள் தள்ளினேன். ஒரு பொட்டு அடையாளம் இல்லை. அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது.

மறுநாள் சாயந்தரம் சந்திரமோகன் வந்து உட்கார்ந்தான். ஜெபா ஐஸ் படத்தைப் போட்டாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி ஓரமாக உட்கார்ந்து, திரை கறுத்துப்போகும் என்று காத்திருந்தேன். படம் வந்தது. நான் அதுவரை பார்க்காத மாதிரி, கழுவிவிட்ட மாதிரி வந்தது. அந்த இடமும் வந்தது. அவன் அவளைத் தூக்கினான், தூக்கியபடியே ஒரு பெரிய வட்டம் அடித்தான், அப்புறம் மெதுவாக, முட்டையை வைக்கிற மாதிரி, ஐஸ் மேல் இறக்கிவிட்டான். அவள் இறங்கி ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டு போனாள். ஊசி எகிறவே இல்லை.

ஜெபாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்படி இப்படி என்று சந்திரமோகனைக் கேட்டாள், நேற்று ஊசியில் ஏதாவது பண்ணினீர்களா என்றாள். அவன் ஒரு நொடி முழித்தான். நான் அந்த முழியைப் பார்த்தேன். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டே, "ரிச்சி ஸ்ட்ரீட்டுல ஒரு ஸ்ப்ரே வாங்கியாந்தேன் சிஸ்டர். அதத்தான் தட்டு மேல லேசா அடிச்சுவுட்டேன்," என்றான்.

பொய். பச்சைப் பொய். என் வீட்டில், என் கண் எதிரே, நான் குந்தி உட்கார்ந்து கழுவின தட்டுக்கு அவன் பேர் வாங்கினான். ஜெபா அவனைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? அந்தப் பார்வைக்குத்தான் நான் இத்தனை மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். அது எனக்குச் சேர வேண்டியது, ஆனால் நான் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் எதற்குக் கழுவினாய் என்று கேட்பாள். அந்த ராத்திரி நான் புரண்டு புரண்டு படுத்தேன். பக்கத்தில் அவள் தூக்கத்தில் சிரித்தாள்.

அந்தப் பொய் அதோடு முடிந்திருக்கலாம். மற்ற தட்டுகளுக்கும் அந்த ஸ்ப்ரேயை அடித்துத் தாருங்கள் என்று ஜெபா நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவன் கடையிலிருந்து எதையோ எடுத்துவந்து, குதிரைப் பந்தயத் தட்டு ஒன்றின் மேல் அடித்தான். தட்டு சாம்பல் பூத்த மாதிரி மங்கிப்போனது. மிஷினில் போட்டதும் உள்ளே கிறீச்சென்று ஒரு சத்தம். குதிரையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் புள்ளிகள். ஊசி தப்பித்ததே பெரிது. சில தட்டுக்குச் சேராது சிஸ்டர் என்று சமாளித்தான். அவளும் நம்பினாள். எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எழும்பூருக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். நாளைக்கு எகிறிவிடக் கூடாது, எதற்கும் ஐஸ் படத்துக்கு இன்னொரு தடவை அதே ஸ்ப்ரேயை அடித்துவிடுங்கள் என்று ஜெபா தட்டை வெளியே எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் முகம் வெளுத்தது. மாட்டேன் என்று சொல்லவும் முடியாமல் பாட்டிலைக் குலுக்கினான். நான் சும்மா இருந்திருக்கலாம். நான் கெடுக்க நினைத்த தட்டு, அவனே கெடுத்து அவனே அசிங்கப்படப் போகிறான், எழும்பூரும் இல்லை, ஒன்றும் இல்லை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான். ஆனால் அந்த மூடியை அவன் திறந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அது நான் கழுவினது. என் கைப்பட்டு அப்படிச் சுத்தமானது. அதன் மேல் இவன் கண்டதை அடிப்பானா?

"டேய், வைடா கீழ," என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். பாட்டிலைப் பிடுங்கினேன். "அவன் ஒரு ஸ்ப்ரேயும் அடிக்கல. நாந்தான் கழுவினேன். சோப்பு போட்டு, கேன் தண்ணி ஊத்தி."

ஜெபா என்னை நம்பவில்லை, சாப்பிட்ட தட்டையே கழுவாத ஆள் இதையா கழுவினாய் என்பது மாதிரி பார்த்தாள். அப்புறம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. "எதுக்கு?" என்றாள். வாங்க போங்க எல்லாம் போய்விட்டது. "எதுக்கு கழுவின நீ?"

"கெட்டுப் போவட்டும்னுதான். நீ இவங்கூட போவக் கூடாதுன்னு."

சந்திரமோகன் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜெபா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்து வேறு ஒரு தட்டை எடுத்து என்னிடம் நீட்டி, "கழுவு," என்றாள். குழாயடிக்குப் போனோம். நான் குந்தி உட்கார்ந்து, அன்றைக்குச் செய்த மாதிரியே, உள்ளங்கையால் தேய்த்து, கேன் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். அது காய்வதற்குள் சந்திரமோகன் சொல்லாமல் கொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தத் தட்டும் எகிறாமல் ஓடியது. ஜெபா சொன்னதெல்லாம் இதுதான்: நாளைக்கு ஷிப்டை மாற்றிக்கொள், மிஷினை நீதான் தூக்குகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டா கூடச் சரியாகச் சாப்பிடாமல் அந்தக் கனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினேன். கை விட்டுப்போனது. ஆனால் மனசு பறந்தது, அவள் என்கூடத்தானே வருகிறாள். எழும்பூர் ஹாலில் கிராமபோன், ரேடியோ, ஃபிலிம் கேமரா என்று மேஜை மேஜையாக இருந்தது. எங்கள் மிஷின் மாதிரி ஒன்று கூட இல்லை. படம் காட்ட அங்கேயே ஒரு டிவி கொடுத்தார்கள். ஜெபா நல்ல புடவை கட்டிக்கொண்டு, உறையை நுழைத்து, உருவி, காலி உறையைத் தூக்கிக் காட்டினபோது கூட்டம் எங்கள் மேஜைக்கு வந்துவிட்டது. எல்லாம் வீட்டில் பேசிப் பழகி வைத்திருந்தாள். படம் ஓடியது, அவன் தூக்கினான், இறக்கினான். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், என்னிடமும் இந்தத் தட்டு இருக்கிறது, எல்லாம் எகிறுகிறதே, உங்களுடையது மட்டும் எப்படி என்று ஜெபாவைக் கேட்டார்.

ஜெபா என்னைக் கை காட்டினாள். "இவருதான் கழுவினாரு. பொறாமையில, கெட்டுப் போவணும்னு."

ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். என்ன சோப்பு, எவ்வளவு தண்ணீர், எப்படிக் காயவைத்தீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். நான் காற்றிலேயே தட்டைப் பிடித்துக் கழுவிக் காட்டினேன். அவர்கள் தண்ணீருக்குப் பெரிய பெரிய காரணம் எல்லாம் சொன்னார்கள், உப்பில்லாத தண்ணீர்தான் சரி என்றார்கள், நானும் யோசித்துச் செய்த மாதிரி தலையாட்டினேன். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். முதல் பக்கம் முடிந்திருந்தது. ஜெபா தனியாக நின்று தட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. நான் பேச்சை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது ட்ரெயினில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், என் மடியில் மிஷின். பசிக்கிறதா என்றேன், தலையாட்டினாள். டீ வந்தது, வேண்டாம் என்றாள். எண்ணூர் தாண்டின பிறகுதான் பேசினாள்.

"எத்தினி மாசமா அத கொழந்த மாரி பாத்துக்கினேன். ஒரு தூசி பட வுட்டிருப்பேனா? நீ கெடுக்கணும்னு வந்த. ஒரே நாள்ல பேர வாங்கிக்கினு போய்ட்ட."

"அது உன் மிஷின்தான," என்றேன்.

"என் மிஷின்தான். அவங்க வாங்கினது உன் நம்பரு."

அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் இறுகி, கண் எங்கேயோ இருந்தது. ராத்திரி ராத்திரியாக நான் புரண்டு படுத்தேனே, அந்த எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று காலையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்தேன். தீரவில்லை, பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதன் வலி தெரியும். தெரிந்தும் அதை எடுத்து அவளுக்குக் கொடுத்தவன் நான்தான்.

அத்திப்பட்டு வந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்து அவளிடம் நீட்டினேன், நீ பேசு என்றேன். ஜெபா அதை வாங்கவில்லை.

"கழுவுறத பத்தி எனக்கு இன்னா தெரியும்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன் என் கையிலேயே அடித்து ஓய்ந்தது.